முணுமுணுக்காமல் கொடுக்கப் பழகுவது எப்படி? கொழும்பில் விசுவாச வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வட கொழும்பில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் வளர்ந்தோருக்கான மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். திருமுழுக்குப் பெற்று ஒன்றிரண்டு வருடமே ஆனவர்கள் வருவார்கள். பல வருடம் கோயில் பக்கமே வராமல் இருந்து இப்போது திரும்பியவர்களும், ஊரிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் வருவார்கள். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மூன்று கேள்விகளைத்தான் கேட்பார்கள். இயேசு தம்மையே கொடுத்தார் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறோம், நாங்கள் எதைக் கொடுப்பது? எங்கே தொடங்குவது? கொடுத்த பிறகு ஏன் மனம் கசக்கிறது?

மூன்றாவது கேள்வியை முதலில் எடுப்பதுதான் சரி. அதற்குப் பதில் கிடைக்காமல் தொடங்கியவர்கள் ஆறே மாதத்தில் நின்றுபோனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கொடுக்கும்போது உள்ளே முணுமுணுப்பு கேட்டால் அளவைக் குறையுங்கள். நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் கசந்தால் ஒரு மணி நேரமாக்குங்கள். ஐயாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு இரவு முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அடுத்த மாதம் ஐந்நூறு கொடுங்கள். முகம் மலர்ந்து கொடுக்கக்கூடிய அளவு எதுவோ அங்கேதான் உங்கள் முதல் படி இருக்கிறது. அது வளரும், ஆனால் அங்கிருந்துதான் வளரும்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் காசு சேர்த்தார். தேவை அவசரமானது, கொரிந்து சபைக்காரர்களை நெருக்கிக் கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும், அவரவர் மனதில் தீர்மானித்தபடி கொடுக்கட்டும், மனவருத்தத்தோடோ கட்டாயத்தாலோ வேண்டாம் என்றுதான் எழுதினார். "முகமலர்ச்சியோடு கொடுப்பவரே கடவுளின் அன்புக்கு உரியவர்" என்ற வரி அந்த இடத்தில்தான் வருகிறது (2 கொரிந்தியர் 9:7).

சிலுவையைச் சுருக்கிவிடுகிற பேச்சு இது என்று சிலர் என்னிடம் கோபித்ததுண்டு. அவர்களிடம் நான் லூக்கா 9:23ஐத் திறந்து காட்டுவேன். அவரவர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு தம் பின்னால் வர இயேசு சொன்னதை மத்தேயுவும் மாற்குவும் எழுதியிருக்கிறார்கள். லூக்கா மட்டும் "நாள்தோறும்" என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார். நாள்தோறும் தூக்க வேண்டிய சுமை, நாளைக்கும் தூக்கக்கூடிய சுமையாக இருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கி இடுப்பொடிந்து விழுகிறவர் இரண்டாம் நாள் அவருக்குப் பின்னால் போக முடியாது.

எதைத் தியாகம் என்று சொல்லக் கூடாது

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதில் தவறினால் மற்ற எல்லாம் கெட்டுப்போகும்.

யோவான் 10:18இல் இயேசு தம் உயிரைப் பற்றிப் பேசுகிறார். யாரும் அதை என்னிடமிருந்து பறிப்பதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்கிறார். ஒருவரிடமிருந்து பறித்ததை அவர் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொண்டிருப்பது உன் சிலுவை என்று ஒரு பெண்ணிடம் யாராவது சொன்னால், அது நற்செய்தி இல்லை. அப்படி இருக்கும் சகோதரிகள் 1938 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழையுங்கள், நம்பக்கூடிய ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சம்பளம் இல்லாமல் மேலதிக வேலை வாங்கும் முதலாளிக்குத் தலையாட்டுவதும் தியாகம் இல்லை. "இல்லை" என்று சொல்லத் தெரிந்தவர் சொல்கிற "சரி"தான் காணிக்கையாகும்.

வலியைத் தேடிப் போவதும் வேண்டாம். உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பயனில்லை என்று பவுல் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஒரு முகத்திலிருந்து தொடங்குங்கள்

"ஏழைகளுக்கு உதவ வேண்டும்" என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எங்கேயும் போய்ச் சேருவதில்லை. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு நேரம் என்று முடிவு செய்யுங்கள். கொழும்பில் அப்படி ஒரு முகத்தைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தனியாக இருக்கும் வயதானவர்கள் எத்தனையோ பேர். காசு வரும், லிஃப்ட் இருக்கும், ஃபிரிட்ஜில் சாப்பாடு இருக்கும். கதைக்க மட்டும் ஆள் இருக்காது. திருப்பலி முடிந்ததும் உங்களுக்குப் பக்கத்து வாங்கில் தனியாக இருந்த அன்ரியிடம் பெயர் கேளுங்கள். அதற்கு அடுத்த வாரம், வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள். உங்களுக்குச் செலவு ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு சனிக்கிழமைப் பின்னேரமும்தான். அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு எவ்வளவு பிடித்தமானது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் அது காணிக்கை.

இரண்டாவது வழி, என் கண்ணுக்கு மிகப் பெரிய தேவை, ஆஸ்பத்திரி. வவுனியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தேசிய வைத்தியசாலைக்கும், மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் தமிழ் நோயாளிகள் வருகிறார்கள். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, சிங்களம் தெரியாமல், கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த வரிசையில் நிற்பது என்று விளங்காமல் நிற்பார்கள். வைத்தியர் சொன்னதில் பாதி விளங்காமல் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. கொழும்பில் பிறந்து வளர்ந்த நமக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதைக் காணிக்கையாகக் கொடுக்க முடியும் என்று நாம் யோசிப்பதே இல்லை. உங்கள் ஊரிலிருந்தோ உங்கள் பங்கிலிருந்தோ யாராவது கிளினிக்குக்கு வருகிறார்களா என்று விசாரியுங்கள். மாதத்தில் ஒரு நாள் அரை லீவு போட்டு அவர்களோடு கூடப் போங்கள். போகும்போது ஒரு பேனை, தண்ணீர்ப் போத்தல், இரண்டு பணிஸ் எடுத்துப் போங்கள். வைத்தியர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், உங்கள் கருத்தைச் சேர்க்க வேண்டாம். மருந்தை எப்போது எத்தனை எடுப்பது என்று தமிழில் ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அவருடைய நோயைப் பற்றி வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது, பங்குத்தந்தையிடம்கூட அவர் சொல்லச் சொன்னால்தான் சொல்ல வேண்டும்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உங்கள் பங்கில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று கேளுங்கள். 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது அது. வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும், இரண்டிரண்டு பேராகப் போவதும் அவர்களுடைய வழக்கம். புதியவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் இருப்பவர்கள் தங்கள் போதகரிடம் கேட்டால் இதேபோல ஒரு வழி காட்டுவார்.

இரத்தம் கொடுப்பதும் நல்ல தொடக்கம். நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த மாற்று நிலையம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்குக் குறையாத எடையோடு, உடல்நலமாக இருப்பவர்கள் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்தால் அடுத்ததற்கு நான்கு மாதம் பொறுக்க வேண்டும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கடைசி வரை தெரியாது, நன்றி சொல்ல யாரும் வரமாட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தப் பழக்கம் மிகவும் நல்லது.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்று, இரத்தம் கொடுக்க இந்த நகரத்தில் வரிசையில் நின்றவர்களில் பௌத்தர்களும் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். வெசாக் காலத்தில் தெருத் தெருவாகத் தன்சல் போட்டு யார் எவர் என்று கேட்காமல் சாப்பாடு கொடுப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். ஆகவே, கொடுப்பது கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்று ஒருபோதும் நினைக்க வேண்டாம். நமக்கு இருக்கும் காரணம் ஒன்று: கடவுள் முதலில் நம்மை நேசித்தார். கடன் தீர்க்கவோ புண்ணியம் சேர்க்கவோ நாம் கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நிறைய வாங்கிவிட்டோம், அதனால் கை லேசாகத் திறக்கிறது.

கஞ்சி கொடுத்த பெண்

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது குறைவு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். பிறகு கண்டிக்குப் போனபோது உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு விலகியபோது, அவரும் அவருடைய உறவினரான குரு யோசேப் கர்வாலோவும் அங்கேயே நின்றார்கள். கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவித் துடைத்தார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். 1711இல் கண்டியிலேயே இறந்தார்.

வகுப்பில் இதைச் சொன்னால் எல்லாரும் தலை குனிவார்கள். நாங்கள் எங்கே, அவர் எங்கே என்பார்கள். அப்போது நான் கதையின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போவேன். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த கையோடு அவருக்குக் கடுமையான வயிற்றோட்டம். ஆள் பிழைப்பதே சந்தேகமாக இருந்த அந்த நாட்களில் யாரோ ஒரு பெண் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டதாக அவருடைய வரலாற்றில் சொல்கிறார்கள். யாரென்றே தெரியாத ஒரு பரதேசிக்குக் கொடுத்த கஞ்சி. அம்மை நோய் நேரத்தில் கண்டியில் நடந்த அத்தனைக்கும் அந்தக் கஞ்சியிலும் ஒரு பங்கு இருக்கிறது. யோசேப் வாஸ் ஆக முடியாது என்று நினைக்கிறவர் அந்தப் பெண்ணாக இன்றைக்கே ஆகலாம்.

வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள்

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

இருபத்தெட்டு வயதில் நான் பாடகர் குழுவில் இருந்தேன், இளையோர் மன்றத்தில் இருந்தேன், ஞாயிறு மறைக்கல்வியும் எடுத்தேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ஒரு வியாழக்கிழமை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அன்று கோயிலில் திருநாளுக்கான ஆயத்தம் இருந்தது. "ஆண்டவருடைய வேலை அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் ஓட்டோ பிடித்துத் தனியாகப் போய் வந்தார். சிங்களத்தில் சொன்னது சரியாக விளங்காமல், பிரஷர் குளிசையை இரண்டு வாரம் பிழையான அளவில் எடுத்திருக்கிறார். ஒரு காலையில் குளியலறையில் தலைசுற்றி விழுந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. அன்று யாரோ ஒருவருக்கு மொழிபெயர்க்க நான் போயிருக்கத் தேவையில்லை, என் சொந்த அம்மாவுக்குப் போயிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள் என்று மேலே எழுதியதெல்லாம் அந்த வியாழக்கிழமையிலிருந்து வந்ததுதான்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு இதைப் பற்றியே பேசுகிறார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லித் தப்புகிறவர்களை அவர் கடுமையாகக் கண்டித்தார். எனவே எந்தப் பொறுப்பையும் ஏற்கும் முன் வீட்டில் கேளுங்கள். கணவனிடம், மனைவியிடம், அம்மாவிடம், அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பனிடம். "நான் சனிக்கிழமை போனால் உங்களுக்கு எது கஷ்டம்?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் தியாகத்துக்கான விலையை வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

காசு, நோன்பு, கைபேசி

காசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளம் வந்த அன்றைக்கே, மிச்சம் பார்க்காமல், நீங்கள் தீர்மானித்த தொகையைத் தனி உறையில் போடுங்கள். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வட்டிக்கு வாங்கி உதவுகிறவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள், அது வீட்டில் சண்டையில்தான் முடிகிறது. கோயிலில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை இயேசு புகழ்ந்தார். ஆனால் அதற்குச் சற்று முன்பு, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களை அவர் கண்டித்ததையும் சேர்த்து வாசியுங்கள். உங்களிடம் மேலும் மேலும் கேட்கிறவர் யாராக இருந்தாலும், போதகராகவே இருந்தாலும், கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நோன்பைக் கொடுப்பதோடு சேர்த்துக் கட்டுங்கள். கத்தோலிக்கருக்குத் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு நாட்கள், தவக்கால வெள்ளிகளில் இறைச்சி இல்லை. இறைச்சிக்குப் பதில் விலை கூடிய அறக்குளா மீன் வாங்கிப் பொரித்தால் சட்டம் காப்பாற்றப்படும், வேறொன்றும் நடக்காது. அன்றைக்குப் பருப்பும் சம்பலும் போதும். மிச்சமான காசை அப்படியே எடுத்து வையுங்கள், பாஸ்காவுக்குள் அது ஒருவருடைய கைக்குப் போகட்டும். நீரிழிவு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், மருந்து எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். நீங்கள் வேறெதையாவது விடுங்கள்.

கைபேசியை வைத்துவிட்டுக் கேட்பது இன்றைக்கு ஒரு பெரிய நோன்பு. வயதானவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். நான்காவது முறையும் முதல்முறை போலக் கேட்கப் பாருங்கள்.

படம் எடுத்துப் போடாதீர்கள். உலர் உணவுப் பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் எப்படிப் போகிறது என்று ஒருமுறை கவனித்தவர் மறுபடி எடுக்கமாட்டார். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று இயேசு சொன்னது கொடுக்கிறவரைக் காப்பாற்றவும்தான். பாராட்டு வரத் தொடங்கினால் மனம் அதற்காகவே வேலை செய்யப் பழகிவிடும், பாராட்டு நின்ற அன்றைக்கு முணுமுணுப்பு தொடங்கும்.

சந்தோஷம் வற்றிப்போகிற நாட்கள்

வற்றும். எல்லாருக்கும் வற்றும். அப்போது உங்களிடமே மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்.

நான் சரியாகத் தூங்கினேனா? திரும்பி வந்த சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இல்லாததைப் பார்த்து, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுங்கள் என்றார் இயேசு (மாற்கு 6:31). காலை ஆறு மணிக்கு பஸ் ஏறி இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்புகிறவருக்கு ஞாயிறு பின்னேரத் தூக்கம் பாவமில்லை.

யாராவது நன்றி சொல்லவில்லை என்று மனம் நொந்திருக்கிறேனா? அப்படியென்றால் அதை வெட்கப்படாமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பத்துத் தொழுநோயாளரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தபோது மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவரும் கேட்டார். கேட்டாரே தவிர, கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

கடைசியாக, நான் யாரிடமிருந்தாவது ஏதாவது வாங்கினேனா? கொடுக்கவே பழகியவர்களுக்கு வாங்கத் தெரியாமல் போகிறது. பேதுரு கால் கழுவ விடமாட்டேன் என்றார், கழுவவிடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்ற பதில் வந்தது. அந்த அன்ரி தேத்தண்ணி போட்டுத் தந்தால் "வேண்டாம், கஷ்டப்படாதீங்க" என்று சொல்லாதீர்கள். மூட்டுவலியோடு எழும்பிப் போய் அவர் போட்டது. சீனி கூடினாலும் குடியுங்கள்.

இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். இன்று கொடுத்ததில் எது லேசாக இருந்தது, எது கசந்தது என்று ஆண்டவர் முன்னால் சொல்லிவிட்டுப் படுங்கள். லேசாக இருந்ததை நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம்.

முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது

பெரிய பொதியோடு போக வேண்டாம், அது அவரைச் சிறுமைப்படுத்தும். நான்கு வாழைப்பழமோ ஒரு பாண் இறாத்தலோ போதும். செபம் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நீளமாக்காதீர்கள். சுவரில் இருக்கும் படங்களைப் பற்றிக் கேளுங்கள், அங்கிருந்து கதை தானாக வரும். முக்கால் மணி நேரத்தில் எழும்பிவிடுங்கள். "பிறகு வாறேன்" என்று பொதுவாகச் சொல்லாமல் நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். அந்த நாளில் போக முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக அவர் கீழே கடைக்கு இறங்கிப் போய்ப் பால் வாங்கி வைத்திருப்பார்.